நல்லசமுத்திரத்து அலை

நல்லசமுத்திரம் ஏரியில் அலை அடிக்கத் தொடங்கியது போன மார்கழியில். சத்தியவேட்டுப் பக்கத்து ஊர் அது; கடலைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும். பெரிய ஏரி வெட்டினால் பேரோடு சமுத்திரம் என்று சேர்த்துவிடுவது இந்தப் பக்கத்துப் பழைய பெருமை. அலையிலிருந்து கரெண்டு எடுக்கும் மெஷினை சமுத்திரத்தில் இறக்கச் சொல்லி எங்கோ ஓர் ஆபீசில் உத்தரவு போட, லாரியில் வந்தவர்கள் ஊர் போர்டைப் பார்த்து இந்த ஏரியில் கட்டிவிட்டுப் போனார்கள். பெரிய மஞ்சள் மிதவை. அலையோடு ஏறி இறங்கினால் அந்த ஆட்டத்தில் கரெண்டு பிறக்கும். இங்கே அது எருமை மாதிரி அசையாமல் கிடந்தது.

அதே வாரம் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. தாட்சாயணியின் நெல் பால் பிடிக்கும் நேரம். தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நட்ட குடும்பம் அது; சொந்த நிலத்தில் அவள் நட்ட முதல் பயிர் இது. மேட்டு நிலம். தண்ணீர் கண்ணெதிரே கிடந்தும் மோட்டார் ஓடாமல் ஏறாது. பாவம், அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

மெஷின் இடம் மாறி இறங்கிய தப்பைக் கண்டுபிடித்து இன்ஜினியர் ஹேமநாத் வந்தார். "சமுத்திரத்துக்கு வந்த மெஷின்மா இது. வெள்ளிக்கிழமை எடுத்துக்கினு போய்டுவோம்."

"இதுவும் சமுத்திரந்தான் சார். போர்டுல போட்டுகீதே."

அவர் சிரித்துவிட்டுப் போனார். தாட்சாயணி ஏரியில் முழங்கால் வரை இறங்கினாள். "சமுத்திரம்னு பேரு வச்சிக்கினு சும்மா படுத்துகினுகீறியே, வெக்கமாயில்ல? பயிரு காயுது. ஒரு அலை அடிச்சா இன்னா கொறஞ்சிடுவ?"

ஏரிக்கு ரோஷம் வந்துவிட்டது. விடிந்ததும் காற்றே இல்லாமல் ஆளுயர அலைகள் கரையில் மோதின. கரை கரையவில்லை, தண்ணீர் கரிக்கவில்லை. எவ்வளவு பக்குவமான ஏரி! மிதவை ஏறி இறங்கியது, மெஷினுக்குக் காவலாக ஹேமநாத் விட்டுப்போன ஆட்களே வயர் இழுத்துக் கொடுத்தார்கள், மோட்டார் ஓடியது.

வெள்ளிக்கிழமை கிரேனோடு வந்த ஹேமநாத், பேண்ட்டை மடித்துவிட்டு வெகுநேரம் அலையில் கால் நனைத்தார். ஆபீசிலிருந்து போன் வந்தது, மெஷினை சமுத்திரத்தில் வைத்தாயிற்றா என்று. பொய் சொல்லிப் பழகாத மனிதர். "வச்சாச்சு சார், நல்லா ஓடுது" என்று சொல்லிவிட்டுக் கிரேனைத் திருப்பி அனுப்பினார்.

தையில் தாட்சாயணியின் களத்தில் நெல் குவிந்தது. முதல் மரக்காலை அளந்துவிட்டு ஏரிக்குப் போனவள், "போதும், கொஞ்சம் படு" என்று கெஞ்சினாள். ஏரி கேட்பதாக இல்லை. இப்போது தெருவிளக்கும் ரைஸ்மில்லும் அதில்தான் ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரையில் சுண்டல் விற்க ஆட்கள் வருகிறார்கள்.