உமாராணியின் உயரம்

உமாராணி தன் வீட்டுக்காரர் வன்னியபெருமாளைவிட நாலு விரற்கடை உயரம். கல்யாணத்தன்று போட்டோ எடுத்தவர் அவளைக் கொஞ்சம் குனிந்து நிற்கச் சொன்னார். அவள் குனியவில்லை. திருச்செந்தூரில் கருப்பட்டிக் கடை போட்டு இருவரும் வியாபாரம் பார்த்த காலத்தில், உச்சித் தட்டில் இருக்கிற டின்னை எடுக்க அவருக்கு ஸ்டூல் வேண்டும்; அவள் நின்றபடியே எடுத்துவிடுவாள். ஏணியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாரே அண்ணாச்சி என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

அறுபதை நெருங்கும்போது அவளும் ஸ்டூலைத் தேட ஆரம்பித்தாள். முதுகு லேசாக வளைந்தது. சேலைக் கொசுவம் தரையில் இழுபட்டது. வயதானால் கூனத்தானே செய்யும் என்று அவர் விட்டுவிட்டார். இருவரும் ஒரே உயரமாகக் கண்ணாடியில் தெரிந்தபோது, உண்மையைச் சொன்னால், அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

போன ஆவணியில் சாத்தான்குளத்தில் அவள் தம்பி தங்கதுரை வீட்டுக் காதுகுத்துக்குப் போனார்கள். பஸ்ஸில் கடைசி சீட்டுதான் கிடைத்தது. ஒரு வேகத்தடையை டிரைவர் கவனிக்காமல் ஏற்றி இறக்கவும், பின்னால் இருந்த எல்லாரும் எழும்பி விழுந்தார்கள். ஆளாளுக்கு டிரைவரை ஏசினார்கள். உமாராணி ஏசவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி, மூச்சை வெளியே விடத் தெரியாதவள்போல் இருந்தாள்.

"என்னளா?"

"ஒண்ணுமில்ல. முதுகுல என்னமோ மளுக்குன்னுச்சு."

விசேஷ வீட்டில் அவள் படுத்தேதான் கிடந்தாள். வாய்வுப் பிடிப்பு என்றார்கள் பெண்கள். ஒருத்தி எண்ணெய் காய்ச்சித் தடவினாள். ஊருக்குத் திரும்பிய பிறகு வன்னியபெருமாளே தைலம் போட்டுக் கட்டைவிரலால் அழுத்தி நீவிவிட்டார். மூட்டை தூக்கிப் பழகிய கை. அமுக்கினால் விட்டுப்போகும் என்று நம்பி அமுக்கினார். அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

வலி தீராமல் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். மூன்று முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது, அதில் ஒன்றுதான் பஸ்ஸில் நசுங்கியது, மற்ற இரண்டும் பழையது என்றார். எப்போது நசுங்கின என்று உமாராணிக்கே தெரியவில்லை. மாதவிலக்கு எந்த வயதில் நின்றது என்று டாக்டர் கேட்டார். அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, முப்பத்தெட்டு வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தாகிவிட்டது என்றாள்.

மாதவிலக்கு நின்றால் எல்லாப் பெண்களுக்கும் எலும்பு கரையத்தான் செய்யும், இந்த அம்மாவுக்கு அது பத்துப் பதினைந்து வருஷம் முந்தியே தொடங்கிவிட்டது என்று டாக்டர் விளக்கினார். அப்போதே பரிசோதித்து மருந்து கொடுத்திருந்தால் தள்ளிப்போட்டிருக்கலாம். யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை.

"உயரம் குறைஞ்சிருக்குமே, கவனிக்கலையா?"

கவனித்திருந்த வன்னியபெருமாள் ஸ்கேன் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஊசி போட்டார்கள். மாத்திரை, பால், கேழ்வரகு, மீன், காலை வெயில், தினமும் நடை என்று டாக்டர் அடுக்கினார். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. மருந்து பிடிக்கக் காலமாகும், அதுவரை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வன்னியபெருமாள் காதில் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் நின்றது. குளியலறையில் கைப்பிடி அடித்தார். வழுக்காத விரிப்பு வாங்கிப் போட்டார். கடையை ஆளிடம் விட்டுவிட்டு அவளுக்குக் காவல் இருந்தார். வாசலைத் தாண்ட விடவில்லை.

"டாக்டரம்மா நடக்கச் சொன்னாவல்லா" என்றாள் உமாராணி.

"விழுந்துட்டா?"

"உக்காந்தே கெடந்தா மட்டும் எலும்பு வளந்துருமாக்கும்?"

தோஹாவில் இருக்கும் மகள் பிரேமா தினமும் வீடியோவில் வந்து, அம்மாவை நடக்க விடுங்கள் என்பாள். அடுத்த மூச்சில், விழுந்துவிடாமல் பாருங்கள் என்பாள். கடைசியில் அவர் உமாராணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வெயில் விழும் தெருவில் கூடவே நடந்தார்.

கார்த்திகையில் ஒரு காலை. அடுப்படித் தரை காய்ந்துதான் இருந்தது. கால் தட்ட ஒரு பாத்திரம்கூடக் கீழே இல்லை. அவர் எட்டித் தொடும் தூரத்தில் நின்றிருந்தார். காப்பித் தம்ளரோடு அவள் அவர் பக்கம் திரும்பினாள். காய்ந்த பனைமட்டை முறிகிற சத்தம் கேட்டது. சூடான காப்பி அவர் கையில் கொட்டியது. அதற்குப் பிறகுதான் அவள் விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாரும் வழுக்கிவிட்டதா என்று கேட்டார்கள். எல்லாரிடமும் அவர் ஒரே பதிலைச் சொன்னார்: "வழுக்கல. விழுந்து ஒடியல. ஒடிஞ்சுதான் விழுந்தா." அவர்கள் தலையாட்டிவிட்டு, பாத்ரூமிலா என்று கேட்டார்கள்.

இடுப்பில் கம்பி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். ஊசி மருந்து பிடிக்க இன்னும் காலம் வேண்டியிருந்தது, இதில் யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். ஆறுதலாகத்தான் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் வன்னியபெருமாள் சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு, எஸ்றா என்கிற பிசியோதெரபிக்காரர் வந்து பயிற்சி கொடுத்தார். படுக்கையிலேயே விட்டால் நெஞ்சில் சளி கட்டும், புண் வரும், இருக்கிற எலும்பும் கரையும் என்றார். "அண்ணாச்சி, நீங்க தூக்குனா அவிய காலு சும்மா இருந்துரும். பிடிக்காம பக்கத்துல நில்லுங்க."

எஸ்றா வராத ஒரு மத்தியானம், நின்று பார்க்கிறேன் என்றாள் உமாராணி. வாக்கரைப் பிடித்து எழுந்தாள். ஒரு கால் நகர்ந்தது. மற்றது வரவில்லை. தொடை நடுங்கியது.

"பிடிச்சிராதிய" என்றாள். உடனே, "பிடிங்க, பிடிங்க" என்றாள்.

அக்குளில் கை கொடுத்துப் பிடித்தார். விலா வலிக்கிறது என்று அலறினாள். விட்டார். சரிந்தாள். மறுபடி பிடித்து எப்படியோ கட்டிலில் உட்காரவைத்தார். அவள் சத்தமில்லாமல் அழுதாள். நெஞ்சோடு சேர்த்து அணைக்க வேண்டும்போல் இருந்தது அவருக்கு. முதுகில் நசுங்கல், இடுப்பில் கம்பி, விலாவில் இப்போது என்ன ஆனதோ. எங்கே தொட்டால் வலிக்காது என்று தெரியாமல், கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு முன்னால் நின்றார்.

"நாளைக்கு எஸ்றா வரட்டும்" என்றார்.

"நாளைக்கும் இதே காலுதான" என்றாள் உமாராணி.