வீடு கொஞ்சம் குளிருது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெழுகுவத்திகளை ஏற்றி, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு ஜெபத்தை முணுமுணுத்து முடித்துவிட்டுக் கையை எடுத்தாள் மிண்டா. முதலில் கண்ணில் பட்டது ஜன்னல் விளிம்பில் இருந்த நீல முட்டைக் கிண்ணம். அது காலியாக இருந்தது.

அவித்த முட்டையை நிறுத்தி வைத்துச் சாப்பிடுகிற குட்டிக் கிண்ணம்தான். ஆனால் அந்த வீட்டில் அதில் யாரும் முட்டை வைப்பதில்லை. வாராவாரம் அவள் கணவன் லென்னி ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் பல்பைக் கழற்றி அதில் போட்டுவைப்பான். யூதர்களின் ஓய்வுநாளான ஷபாத் வந்துவிட்டால், மறுநாள் இருட்டும்வரை விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவைத் திறந்தால் தானாக எரிகிற விளக்கும் விளக்குதானே. கிண்ணத்தில் பல்பு இருந்தால் ஃப்ரிட்ஜ் திறக்கும். கிண்ணம் காலி என்றால், அது வெறும் பூட்டின பெட்டி.

"லென்னி, பல்பு எங்கே?"

"கிண்ணத்துல."

"கிண்ணத்துல இல்ல."

"அப்போ உள்ளதான் இருக்கும்" என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது. கையில் பிடித்திருந்த தொப்பியை மெல்ல மேஜையில் வைத்தான். "நாற்காலி ஆடுது, சரி பண்ணுன்னு நீதானே சொன்னே. நாலு மணி நேரம் அதுலயே போயிடுச்சு."

"நாற்காலி ஆடுனா ஆடிட்டுப் போகட்டும். அதுல உக்காந்தவங்க எதையாவது சாப்பிட வேண்டாமா?"

"விடும்மா" என்றாள் மகள் டாலியா. "இந்தத் தெருவுலயே வெளிச்சமான அலமாரி நம்ம வீட்டுலதான். என்ன, யாரும் பாக்க முடியாது."

லென்னி சிரித்தான். மிண்டா சிரிக்கவில்லை. அன்று ராத்திரிக்கான சூப்பும் கோழியும், பொழுது சாயுமுன்பே போட்டுவிட்ட சூட்டுத்தட்டின் மேலேயே இருந்தன, அதற்குக் கவலை இல்லை. நாளை மத்தியானத்துக்கும் சோலண்ட் இருக்கிறது. கறியும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் ராத்திரி முழுக்க மெல்லிய சூட்டில் கிடந்து குழைந்து வரும். ஆனால் நாளை மத்தியான விருந்து இவர்களுக்கு இல்லை. அது பக்கத்து வீட்டு எவாந்தியாவுக்கு.

எவாந்தியா கிரேக்கப் பெண்மணி. எழுபதைத் தாண்டியவர், கணவர் போன பிறகு அந்தச் செங்கல் வீட்டில் தனியாக இருந்தார். இப்போது வீட்டை விற்றாயிற்று. ஞாயிறு காலை மகன் தாசோஸ் வந்து தன் ஊரான அடிலெய்டுக்கே கூட்டிக்கொண்டு போகிறான். மெல்பர்னில் இதுதான் அவருக்குக் கடைசிச் சனிக்கிழமை. அவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம் வேறு. கறி ஆகாது, மீன் ஆகாது, பால் ஆகாது, முட்டையும் ஆகாது. மேஜையில் இருக்கும் பின்னல் ரொட்டியில்கூட முட்டை. அவருக்கென்று மிண்டா இரண்டு நாள் நின்று செய்ததெல்லாம் உள்ளே இருந்தது. அரிசி பொதிந்த திராட்சை இலை, சுட்ட கத்தரிக்காய், கொண்டைக்கடலை, முட்டையும் வெண்ணெயும் இல்லாத ஆரஞ்சுக் கேக். அந்தக் கேக் முதல் தடவை நடுவில் அமுங்கி, இரண்டாவது தடவை ஓரத்தில் அமுங்கி, மூன்றாவது தடவைதான் மனசு வைத்தது.

சாப்பாடு மட்டும் என்றால்கூட அவள் இத்தனை கலங்கியிருக்க மாட்டாள். அந்த மேஜையில் வைத்து எவாந்தியாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். கேட்காமல் அனுப்பிவிட்டால் அது சாகிறவரை தொண்டையிலேயே நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

எதற்கு மன்னிப்பு என்றால், அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டாலியா கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு சனிக்கிழமை வீட்டு ஹீட்டர் அணைந்துபோனது. இவர்கள் அதைத் தொடக்கூடாது. வேறு மதத்துக்காரரைக் கூப்பிட்டு, இதைச் செய்து கொடுங்கள் என்று கேட்கவும் கூடாது. ஆனால் பொதுவாக ஒரு பேச்சைப் பேசி வைக்கலாம். அதைக் காதில் வாங்கியவர் தானாகப் புரிந்துகொண்டு செய்தால் அது அவர் இஷ்டம். மிண்டா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் போய் நின்று, "வீடு கொஞ்சம் குளிருது" என்றாள்.

எவாந்தியா ஒரு கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ரொம்ப நன்றி. ஆனா வீடு இன்னும் குளிருது" என்றாள் மிண்டா.

எவாந்தியா உள்ளே போய் இன்னொரு கம்பளியைக் கொண்டுவந்தார். மூன்றாவது முறை தன் கணவருடைய மேல்கோட்டையே எடுத்துவந்து லென்னியின் தோளில் போட்டுவிட்டார். நான்காவது முறைதான் கதவுக்குள் எட்டிப் பார்த்து, ஹீட்டரைப் பார்த்து, மிண்டாவின் முகத்தைப் பார்த்து, "நீ வாய விட்டுச் சொல்ல மாட்டே, அப்படித்தானே?" என்று கேட்டுக்கொண்டே அதைத் தட்டி எரியவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பாஷையை அவர் நன்றாகக் கற்றுக்கொண்டார். "கூடத்துல ரொம்ப இருட்டா இருக்கு" என்றால் விளக்கு. "அந்த மணி விடாம கத்துது" என்றால் அடுப்புக் கடிகாரம். மிண்டா வாயைத் திறப்பதற்குள் செய்துவிட்டுப் போகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

போன ஜூலை மாதம், நடுங்குகிற குளிரில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எலுமிச்சம்பழத்தோடு வந்தார் எவாந்தியா. கொடுத்துவிட்டுப் போகாமல், கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்றார். மிண்டா சூப்பில் நுரை எடுத்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டிய வேலை மலையாகக் கிடந்தது.

"வீடு ரொம்பக் குளிருது, மிண்டா" என்றார் எவாந்தியா.

"ஹீட்டரைப் பாக்கச் சொல்லுங்க. எங்களுக்கு வர்றவன் நல்ல ஆளு, நம்பர் தரேன்."

"தாசோஸ் அங்கே வந்துடுங்கிறான்."

"நல்லதுதானே. மகன் பக்கத்துல இருந்தா நிம்மதி."

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஹீட்டர்காரனின் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதி எவாந்தியாவின் உள்ளங்கையில் வைத்தாள். அதில் அவளுக்கு ஒரு திருப்திகூட, உதவி பண்ணிவிட்டோம் என்று.

ஆகஸ்டில் பக்கத்து வீட்டு வாசலில் விற்பனைப் பலகை முளைத்தது. அன்றைக்கு மிண்டா கீரை இலையை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பூச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்னப் பூச்சியும் தப்பாத கண் அவளுக்கு. இலையைப் பிடித்த கை அப்படியே நின்றது. வீடு குளிருது. அது தன்னுடைய வாக்கியம் அல்லவா? தான் சொல்லிக்கொடுத்த பாஷையிலேயே அந்த மனுஷி வந்து கேட்டிருக்கிறார். போகாதே என்று ஒருத்தர் சொல்ல மாட்டார்களா என்று கேட்டிருக்கிறார். தான் ஹீட்டர்காரனின் நம்பரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

அதற்குப் பிறகும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெட்கம். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று வீட்டுக்கு ஆள் வந்து விலை பேசி முடித்து, பெட்டி கட்டுகிற வரைக்கும் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை, ஜெபக்கூடத்துக்குப் புறப்படும்போது லென்னி சமாதானம் சொன்னான். "அவங்க சாப்பாட்டை அவங்களே திறந்து எடுத்துக்கிட்டா ஒரு தப்பும் இல்ல. நீ ஒரு வார்த்தை ஜாடையா போட்டு வை, போதும்."

"வழியனுப்ப விருந்துன்னு கூப்பிட்டுட்டு, அவங்களையே வேலை வாங்கச் சொல்றியா?"

"இத்தனை வருஷமா அதைத்தானே பண்ணோம்" என்றான் லென்னி. கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் அது போய்த் தைத்த இடம் வேறு.

மத்தியானம் எவாந்தியா வந்தார். தேவாலயத்துக்குப் போடுகிற கறுப்புக் கவுன், காதில் முத்து, கையில் எலுமிச்சம்பழப் பை. "நேத்தே பறிச்சதுதான், பயப்படாதே" என்று மேஜையில் வைத்தார். ஷபாத் அன்று பறித்ததை இவர்கள் தொட மாட்டார்கள் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

"தியா, இந்த நாற்காலில உக்காருங்க" என்றாள் டாலியா. கிரேக்க பாஷையில் அத்தையை அப்படித்தான் கூப்பிடுவது, சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். "ஊர்லயே ஆடாத ஒரே நாற்காலி. இதுக்காக எங்கப்பா எங்க எல்லாரையும் பட்டினி போட்டாரு."

லென்னி திராட்சை ரசத்துக்கு ஜெபம் சொன்னான், ரொட்டி பிட்டான். சோலண்ட் ஆவி பறக்க வந்தது. எவாந்தியாவின் தட்டு மட்டும் வெள்ளையாக இருந்தது. மிண்டா தண்ணீர் ஊற்றினாள். மறுபடியும் ஊற்றினாள்.

"உங்களுக்குன்னு தனியா செஞ்சு வச்சிருக்கேன்" என்றாள்.

"அப்படியா, சந்தோஷம்."

"உள்ள இருக்கு."

"இருக்கட்டும்."

"உள்ள..." மிண்டாவுக்கு நாக்கு குழறியது. இத்தனை வருஷமாக இருட்டு என்றுதான் முறையிட்டிருக்கிறாள். "உள்ள ரொம்ப வெளிச்சமா இருக்கு, எவாந்தியா."

டாலியா சிரிப்பை அடக்க முடியாமல் ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டாள். எவாந்தியா ஃப்ரிட்ஜைப் பார்த்தார், காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு என்ன வேணும்னு ஒரு தடவையாவது வாய விட்டுச் சொல்லேன், பொண்ணே. நாளைக்கு நான் இருக்க மாட்டேன்."

"சொல்லக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமே."

"ஃப்ரிட்ஜைப் பத்திச் சொல்லக்கூடாது. தெரியும்."

 லென்னி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மிண்டா தண்ணீர்க் கூஜாவைக் கீழே வைத்தாள்.

"போகாதீங்க" என்றாள்.

எவாந்தியா எலுமிச்சம்பழப் பையை ஓரமாக நகர்த்தினார். "ஜூலையில சொல்லியிருக்கலாம்" என்றார்.

"எனக்குப் புரியல. நீங்க வீடு குளிருதுன்னுதானே சொன்னீங்க."

"நீ பேசுற மாதிரி பேசினா உனக்குச் சீக்கிரம் புரியும்னு நெனச்சேன்." கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "உன் ஆளு வந்து பாத்தான். நல்ல பையன். ஹீட்டரைப் பிரிச்சுப் போட்டு, துடைச்சு, திருப்பி மாட்டிட்டு, இதுல ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லிட்டுப் போனான்."

"என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு. நானும்தான் வாய விட்டுச் சொல்லல. உனக்காவது சட்டம் இருக்கு. எனக்கு வெறும் வீம்பு." மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நகரு. பசிக்குது."

ஃப்ரிட்ஜைத் திறந்தார். மஞ்சள் வெளிச்சம் அவர் முகத்திலும் கறுப்புக் கவுனிலும் விழுந்தது. திராட்சை இலைத் தட்டை எடுத்தார், கத்தரிக்காயை எடுத்தார், கேக்கை எடுத்தபோது ஒரு கணம் நின்று, "முட்டை போடாம இதை எப்படி எழுப்பினே?" என்று கேட்டார்.

"மூணு தடவை செஞ்சேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு உள்ளே கையைவிட்டுப் பல்பைத் திருகிக் கழற்றி, நீலக் கிண்ணத்தில் போட்டார்.

நன்றாகவே சாப்பிட்டார். இலையில் உப்பு குறைச்சல் என்றார். லென்னியைப் பார்த்து நாற்காலி ஆடுகிறது என்றார். அவன் குனிந்து பார்க்கப் போனதும்தான் கேலி என்று தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள், மிண்டாவும் சிரித்தாள். சிரித்த வாயோடு எழுந்துபோய்க் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஞாயிறு காலை தாசோஸ் வந்தான். ஏற்ற வேண்டியதை ஏற்றினான். எலுமிச்சை மரத்தை மட்டும் ஏற்ற முடியவில்லை. வாங்கினவர்கள் அடுத்த மாதம் வருகிறார்களாம், இளம் தம்பதி.

அடுத்த வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் மிண்டா அடிலெய்டுக்கு ஃபோன் போட்டாள். சூப்பு அடுப்பில் இருந்தது, நுரை பொங்கியது. பொங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன். இங்க வீடு கதகதப்பாத்தான் இருக்கு. என் ரூம் ஜன்னல்தான் ஒரு மதிலைப் பாத்துக்கிட்டு இருக்கு."

போன வருஷத்து மிண்டாவாக இருந்தால், திரைச்சீலை தைக்கிற ஆளின் நம்பரைக் கொடுத்திருப்பாள்.

"நான் எப்போ வரட்டும்?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் எவாந்தியா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஈஸ்டர் முடியட்டும். வா. மணியாச்சு, போய் மெழுகுவத்தி ஏத்து. பல்பைக் கழட்டிட்டியா?"

மிண்டா ஜன்னலைப் பார்த்தாள். "கிண்ணத்துலதான் இருக்கு."

"சரி" என்றார் எவாந்தியா. வைத்துவிட்டார்.

மெழுகுவத்தி ஏற்றிக் கண்ணைப் பொத்தி நின்றவள், ஜெபம் முடிந்தும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் வீடு இருட்டாகக் கிடந்தது. ஊரில் குளிர் தொடங்கிவிட்டிருந்தது. ஹீட்டரை முன்னமே போட்டு வைக்க மறந்திருந்தார்கள். இனி நாளை ராத்திரிவரை அதைத் தொட முடியாது.

"வீடு கொஞ்சம் குளிருது" என்றான் லென்னி, கையைத் தேய்த்துக்கொண்டு.

மிண்டா உள்ளே போய்த் துணி அலமாரியைத் திறந்து, எவாந்தியா அன்றைக்குக் கொடுத்து, இவர்கள் திருப்பிக் கொடுக்காமலே இருந்துவிட்ட பழைய மேல்கோட்டை எடுத்துவந்து அவன் தோளில் போட்டாள்.