பாதி மாத்திரை

ரத்த வங்கியின் சன்னல் கதவை உள்ளிருந்தவர் இழுத்தபோது அவள் கையை நடுவில் விட்டாள். பதினெட்டு வருடமாகப் பேருந்தில் நடத்துநர். மூடுகிற கதவு அவளுக்குப் புதிதில்லை.

“அந்தக் குழாயைக் கொட்டிடாதீங்க. கையெழுத்தோட வரேன்.”

அவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தத்தை ஏழு நாள் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். ஏழாம் நாள் பன்னிரண்டு மணிக்கு அப்புறப்படுத்திவிடுவார்கள். இன்று ஏழாம் நாள். மணி பதினொன்றே கால். மனைவி கையெழுத்துப் போட வேண்டும், தங்கை போட்டால் செல்லாது என்றார்.

குழாயில் இருந்தது அவள் அண்ணனின் ரத்தம். லிஃப்ட் மெக்கானிக். அவளைவிட இரண்டு வயதுதான் மூத்தவன். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், இன்று விடியும்போது, தூக்கத்திலேயே மூச்சு நின்றிருந்தது.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. வலிக்குக் கொடுத்த மாத்திரை, உடம்புக்குள் போய் வேறொன்றாக மாறித்தான் வலியை அடக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். மற்றவர்களுக்குச் சரியான அளவு அவர்களுடைய மூச்சை அமுக்கிவிடும். இங்கே அப்படி நடந்திருக்கலாம், சோதித்தால்தான் தெரியும் என்றார். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வரக்கூடியது என்றும் சொன்னார்.

அண்ணனுக்கு ஒரே மகள், எட்டு வயது. அடுத்த வாரம் அவளுக்குத் தொண்டைச் சதை எடுக்க நாள் குறித்திருந்தார்கள். அப்பாவிடம் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் மகளிடம் எதைத் தேடுவது என்று தெரியும்.

பிணவறைக்கு வெளியே பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் அவனுடைய செருப்பு. நாத்தனார் நீட்டிய தாளை அவள் வாங்கவில்லை.

செத்தவரைச் சோதித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டாள். ஒரு தடவை அறுத்தது போதாதா என்றாள். அறுக்க வேண்டியதில்லை, ரத்தம் ஏற்கெனவே இருக்கிறது என்று இவள் விளக்கினாள். மகளுக்கு ஆபரேஷனே வேண்டாம், தள்ளிப் போட்டுவிடலாம் என்றாள் அண்ணி.

“தள்ளிப் போடலாம் அண்ணி. அப்புறம் ஒரு நாள் விழுந்து காலை ஒடைச்சுக்கிட்டா? நாளைக்குப் பிரசவம்னு போய்ப் படுத்தா? வாழ்நாள் முழுக்க வலிக்காமலா இருக்கும்?”

ஒரு தள்ளுவண்டி அவர்களைக் கடந்து போனது. நடத்துநர் மணியைப் பார்த்தாள். பதினொன்று முப்பத்தைந்து.

சொல்லாமல் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

“எங்கம்மா மாத்திரையை உடைச்சுக் குடுப்பாங்களே, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. எந்த மாத்திரையானாலும் பாதிதான். நம்ம உடம்புக்குப் பாதி போதும் என்பாள். மருமகள் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தாள். பிள்ளைகள் இருவரும் பாதி டாக்டர் என்று கேலி செய்தார்கள். அம்மாவின் தம்பி ஒருவர் பல் பிடுங்கிவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்ற கதை வீட்டில் உண்டு. யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

“ஆபரேஷன் அன்னிக்குச் சாயங்காலம் நீங்க வீட்டுக்குப் போனப்புறம் நான்தான் கூட இருந்தேன். அண்ணன் மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டு, பாதி போதும்னான். நர்ஸ்கிட்ட கேக்கலாம்னான். நான்தான் விடல. நீ பாக்கிற லிஃப்ட்டு மாதிரி பாதியில நிக்காதடா, முழுசா முழுங்குன்னேன்.” அவள் குரல் உடையவில்லை. “முழுங்கிட்டான். அப்புறம் வேளா வேளைக்கு நான்தான் எடுத்துக் குடுத்தேன். எல்லாம் முழுசு.”

அண்ணி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கீழே பார்த்து, பையின் வாயை இரண்டாக மடித்தாள்.

“நீ அப்படிச் சொன்னதும் சிரிச்சாரா?”

“சிரிச்சான். தையல் வலிக்குது, சிரிக்க வைக்காதேன்னான்.”

அண்ணி கையை நீட்டினாள். நடத்துநர் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தாள். தாளைச் செருப்புப் பையின் மேலேயே வைத்து அண்ணி கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கையில் ரத்த வங்கிக்காரர் குழாயின் மேல் ‘சோதனைக்கு’ என்று எழுதிய சிவப்புச் சீட்டு ஒட்டினார். முடிவு வர நாலு நாள் ஆகும் என்றார். குழாய் பெட்டிக்குள் போய் மூடி பூட்டப்படும்வரை அவள் சன்னலை விட்டு நகரவில்லை.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது சாயங்காலம். அழுது அழுது மகளுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. காய்ச்சல் மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இவள் வயதுக்குப் பாதி கொடுங்கள் என்று மருத்துவர் போனில் சொல்லியிருந்தார். சமையலறை மேடையில் மாத்திரையை வைத்து அண்ணி கத்தியால் அழுத்தினாள். நடுக்கோட்டில் சரியாக உடைந்தது.

மகளுக்கு ஒரு பாதியைக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்தாள். நடத்துநர் வாசற்படியில் நெற்றியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மதியத்திலிருந்தே தலைவலி. யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அண்ணி வந்து மற்றப் பாதியை அவள் உள்ளங்கையில் வைத்தாள். டம்ளரில் இன்னும் தண்ணீர் இருந்தது.