இரண்டாவது மாடிப் பல்வலி

"நிறுத்தும்மா! தலை கழண்டு விழுந்திடப் போகுது!"

மாமியார் கத்திய கத்தலில், அடுப்பில் வைத்த பால் கவனிப்பார் இல்லாமல் பொங்கி வழிந்தது. மைக்கம்மா நிற்கவில்லை. நினைத்தாலும் முடியாது. கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வந்த சுழல் நாற்காலி அது; ஒருமுறை காலால் உந்திவிட்டால் தானாகத்தான் ஓயவேண்டும். கண்களை மூடி, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, படுக்கையறை நடுவே பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். கதவோரம் நாத்தனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"இன்னும் கொஞ்சம்தான் அண்ணி, விடாதீங்க."

"பொண்ணு பாக்க சாயங்காலம் ஆளுங்க வராங்க. மருமக ராட்டினம் சுத்துறா. கல்யாணப் பொண்ணு நேரம் பாக்குறா. என் தலையெழுத்து!" என்று மாமியார் பாலைக் காப்பாற்ற ஓடினார்.

நாற்காலி ஓய்ந்தது. அறை ஓயவில்லை. பீரோ ஒருபக்கம் போனது, ஜன்னல் இன்னொரு பக்கம் போனது. மைக்கம்மாவின் நெஞ்சு திம்திம்மென்று அடித்தது. உள்ளங்கை வியர்த்தது. தொண்டையை யாரோ முடிச்சுப் போட்டதுபோல் இருந்தது. எது வந்தால் உயிர் போய்விடும் என்று மாதக்கணக்காக நடுங்கினாளோ, அதுவேதான். அதை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்க்கத்தான் இந்தச் சுற்றல். கட்டிலைப் பிடிக்கக் கூடாது, தண்ணீர் கேட்கக் கூடாது, வந்தது தானாகப் போகும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஆலோசகர் கொடுத்த வீட்டுப்பாடம்.

கொஞ்சம் கொஞ்சமாக பீரோ தன் இடத்துக்கு வந்து நின்றது.

"சாகலை" என்றாள் மைக்கம்மா.

"இன்னிக்கும் பாஸ்" என்றாள் நாத்தனார்.

மைக்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, பேருந்து நிலையம் வைத்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது புறப்படப்போகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. வீட்டில் அவள் சொன்னால் யாரும் அசையமாட்டார்கள். அங்கே அவள் ஒரு வார்த்தை சொன்னால் முந்நூறு பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த வேலையை அவள் விரும்பியதற்கு இதற்குமேல் காரணம் வேண்டியதில்லை.

ஒருநாள் அறிவிப்பின் நடுவே மூச்சு நின்றது. கூண்டு சுருங்கி வந்து நெஞ்சின்மேல் ஏறியது. மைக்கை அணைக்கவேண்டும் என்று தோன்றவில்லை. "ஐயோ, செத்தேன்" என்பது எல்லா ஒலிபெருக்கிகளிலும் கணீரென்று கேட்டது. நடத்துநர்கள் ஓடிவந்தார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து, விஷயம் தெரியாத பயணிகளும் ஓடினார்கள். அதில் சிலர் தவறான பேருந்தில் ஏறி எங்கோ போய்ச் சேர்ந்தார்கள் என்று பிறகு புகார் வந்தது. அன்றோடு மைக்கம்மா வேலைக்குப் போவது நின்றது.

மருத்துவமனையில் நெஞ்சுக்குப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சிரித்தார். "உங்க ஹார்ட் என் ஹார்ட்டைவிட நல்லா இருக்கும்மா. இது பானிக் அட்டாக். நெஞ்சு அடிக்குது, அதைப் பாத்து நீங்க பயப்படுறீங்க. பயந்ததும் இன்னும் வேகமா அடிக்குது. இதுக்கு மருந்தைவிடப் பயிற்சி நல்லா கேக்கும்" என்றார். சீட்டில் 'அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை' என்று எழுதிக்கொடுத்தார். ஒரே மூச்சில் படிக்க முடியாத பெயர். மூச்சு முட்டுகிறவர்களுக்கு இப்படியா பெயர் வைப்பார்கள் என்று மைக்கம்மா அன்றே நினைத்தாள்.

இதயத்தில் கோளாறு என்று அவர் எழுதியிருந்தால் தெருவே ஆப்பிளும் ஆரஞ்சுமாக வந்து விசாரித்திருக்கும். மனசு என்று சொன்னதும் மாமியார் எழுந்து ஜன்னலை மூடினார்.

"வெளிய தெரிஞ்சா நம்ம பொண்ணை எவன் கட்டுவான்? பைத்தியம் புடிச்ச வீடுன்னு சொல்லிடுவாங்க."

"பைத்தியம் இல்லைம்மா" என்றார் கணவர், பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுப்பவர். தன் வீட்டில் மட்டும் எதையும் நேராகப் பார்க்கமாட்டார்.

வழியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அந்தச் சிகிச்சை தரும் ஆலோசகர் இருந்தது மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில். முதல் மாடியில் பல் டாக்டர். அப்புறமென்ன? மைக்கம்மாவுக்குப் பல்வலி என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் அவளுக்குப் பல் வலித்தது. எதிர்வீட்டம்மா வழிமறித்து, "எந்தப் பல்லு? ஆ காட்டு பாப்போம்" என்பாள். ஒருவாரம் மேல்பல், ஒருவாரம் கீழ்ப்பல். சொன்ன கணக்கைக் கூட்டினால் வாயில் ஒன்றுகூட மிஞ்சியிருக்கக் கூடாது.

அந்த மாடிப்படியில் இன்னொருவரும் வருவார். வயதானவர். மைக்கம்மாவின் காலடி கேட்டால் முதல் மாடியிலேயே நின்று, பல் டாக்டரின் பெயர்ப்பலகையைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படிப்பார். அவள் மேலே போனபிறகு ஏறிவந்து, காத்திருக்கும் அறையில் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். முகத்தை அவள் பார்த்ததில்லை. செருப்பை மட்டும் தெரியும்: இடது வாரில் சிவப்பு நூல் தையல், அடிக்கு ஒரு கிறீச்.

ஆலோசகர், மைக்கம்மாவைவிட இளைய பெண். முதல்நாளே கேட்டாள்: "செத்துடுவேன்னு தோணுதா? சரி, இதுவரைக்கும் எத்தனை தடவை செத்தீங்க?" மைக்கம்மா அழுகையின் நடுவே சிரித்துவிட்டாள். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. தெருமுனைவரை நடந்தாள். சந்தைக்குப் போனாள். பேருந்தில் ஒரு நிறுத்தம் போனாள், பிறகு கடைசி நிறுத்தம்வரை. இந்த வியாழன் ஆலோசகரோடு சேர்ந்து அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்காரவேண்டும். இந்த மாதம் முடிவதற்குள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவதாக நிலைய அதிகாரியும் சொல்லி அனுப்பியிருந்தார்.

சாயங்காலம் கணவர் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்தார். சட்டையை மாற்றிக்கொண்டே, "இந்தச் சம்பந்தம் முடியுற வரைக்கும் அந்த மாடிக்குப் போறதை நிறுத்திக்கோ" என்றார்.

"வியாழக்கிழமை கூண்டுக்குள்ள உக்காரணுங்க."

"கல்யாணம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் அவ பிரசவம் முடியட்டும்பீங்க. அப்புறம் அந்தக் குழந்தைக்குப் பல்லு முளைக்கட்டும்பீங்க."

"எதுக்கெடுத்தாலும் பல்லுலயே வந்து நில்லு" என்று அவர் நழுவினார்.

வந்தவர்கள் மூவர். மாப்பிள்ளை, தரையில் ஏதோ தொலைத்தவன்போல் குனிந்தே இருந்தான். மாப்பிள்ளையின் அம்மா, வீட்டுக்குள் நுழையும்போதே கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று பார்த்தார். அவர்களுக்குப் பின்னால் வாசலில் ஒரு கிறீச் கேட்டது.

மைக்கம்மா எட்டிப் பார்த்தாள். இடது வாரில் சிவப்பு நூல்.

செருப்பைக் கழற்றிய மாப்பிள்ளையின் அப்பாவும் அவளைப் பார்த்தார். உடனே கூரையைப் பார்த்தார். மனைவி தேடிய ஒட்டடையை அவர் கண்டுபிடித்துவிட்டதுபோல் இருந்தது.

உட்கார நாற்காலி போதவில்லை. படுக்கையறையிலிருந்த சுழல் நாற்காலியை நாத்தனார் தள்ளிக்கொண்டு வந்து போட்டாள். அதில் யாரும் உட்காராமல் மாமியார் மறைத்துக்கொண்டு நின்றார். டீயும் பிஸ்கட்டும் வந்தன.

"பஸ் ஸ்டாண்டுல உங்க மருமகளுக்கு ஏதோ ஆச்சாமே?" என்று மாப்பிள்ளையின் அம்மா தொடங்கினார்.

"பல்வலி" என்றார் மாமியார், கேள்வி முடிவதற்குள்.

"பல்வலிக்கா செத்தேன்னு மைக்ல கத்துனாங்க?"

"கடவாய்ப் பல்லு" என்றார் கணவர்.

"அடடா. எங்க காட்டுறீங்க?"

"மருந்துக்கடை மேல, முதல் மாடி."

"அட, இவரும் அங்கதான் போறாரு! வாராவாரம், வியாழக்கிழமை தவறினதில்லை. பல்லு பூரா எடுத்து செட்டு கட்டியே வருஷமாச்சு, இன்னும் வலி தீரலைங்கிறாரு. அந்த டாக்டர் என் தங்கச்சியோட படிச்ச பையன்தான். இருங்க, உங்க மருமகளை நல்லா கவனிக்கச் சொல்லி இப்பவே ஒரு போன் போடுறேன்."

மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பிஸ்கட் புரையேறியது. "வேணாம்... வேணாம். நல்லாத்தான் கவனிக்கிறாரு."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க."

அந்த அம்மா கைப்பைக்குள் போனைத் தேடினார். மைக்கம்மாவின் நெஞ்சு, கேட்க ஆள் கிடைத்ததுபோல் அடிக்கத் தொடங்கியது. கை நடுங்கி, ஏந்தியிருந்த தட்டில் கோப்பைகள் தாளம் போட்டன. அடுக்களைக் கதவு இரண்டு எட்டில் இருந்தது. ஓடினால் எல்லோருக்கும் நிம்மதி. பல்வலி தாங்காமல் ஓடினாள் என்று கணவரே சொல்லிக்கொள்வார்.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். மாமியாரை மெல்ல விலக்கிவிட்டு, அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போன் வேணாம்மா. என் பல்லெல்லாம் நல்லா இருக்கு. நான் போறது இரண்டாவது மாடி."

"இரண்டாவது மாடில யாரு?"

"மனசுக்குப் பாக்குறவங்க. எனக்கு பானிக் அட்டாக் வருது. இப்பக்கூட வந்திருக்கு. பாருங்க, கை நடுங்குது. நெஞ்சு அடிக்குது. கொஞ்ச நேரம் ஆட்டிப் பாத்துட்டு அதுவா போயிடும். நீங்க டீ குடிங்க, ஆறிடும்."

யாரும் குடிக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் முதன்முறையாகத் தலைநிமிர்ந்து பார்த்தான்.

"பல்லுன்னு சொல்லி எங்களை ஏமாத்தப் பாத்தீங்களா?" மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "எங்க வீட்ல ஏழு தலைமுறையா மனசு கெட்டவங்கன்னு ஒருத்தர் கிடையாது! ஏங்க, வாயில கொழுக்கட்டையா? நீங்களே சொல்லுங்க!"

மைக்கம்மா மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். நாக்கின் நுனியில் தயாராக நின்றது. அவருடைய கை முழங்காலை இறுகப் பற்றியிருந்தது. உதடுகள் மெல்ல அசைந்தன. மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். மெதுவாக இழு, மெதுவாக விடு. அதே ஆலோசகர், அதே பாடம். பாவி மனிதர், அவருக்கும் வந்திருந்தது.

அவள் அந்த வார்த்தையை விழுங்கினாள். தன்னுடையதைச் சொல்லத்தான் தனக்கு வாய்; அவருடையதைச் சொல்ல அவருக்கொன்று இருக்கிறது, செட்டுக் கட்டியதானாலும்.

"ஆமா" என்றார் அவர், தரையைப் பார்த்து. "நம்ம குடும்பத்துக்கு... ஒத்து வராது."

கிறீச் சத்தம் தெருவில் தேய்ந்து போனது.

மாமியார் தரையில் உட்கார்ந்து அழுதார். "என் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

"அம்மா" என்றாள் நாத்தனார். மிஞ்சிய பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள். "அண்ணிக்கு மூச்சு முட்டுனதுக்கே என்னை வேணாம்னு எழுந்து போற வீடு. நாளைக்கு அங்க எனக்கு ஒண்ணுன்னா, எந்த ஜன்னலை மூடுவாங்க?"

மாமியாரின் அழுகை சற்று நின்றது. பதில் கிடைக்காததால் மறுபடி தொடர்ந்தது.

"முதல்ல இந்த நாற்காலியைக் கடைக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று கணவர் அதன்மேல் கைவைத்தார்.

மைக்கம்மா எழுந்திருக்கவில்லை. "எடுத்துட்டுப் போங்க. வியாழக்கிழமைக்கு அப்புறம்." பிறகு தானே எழுந்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் வாசலில் போட்டாள். தெரு பார்க்க உட்கார்ந்து, காலால் ஓங்கி உந்தினாள்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "ஏம்மா, என்ன பண்ற?"

"சிகிச்சை" என்றாள் மைக்கம்மா, சுற்றிக்கொண்டே. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துண்டாகப் பதில் போனது. "பல்லுக்கில்லை... மனசுக்கு... பயப்படாம... இருக்க..."

கணவர் நிலைப்படியில் நின்றார். உள்ளே இழுப்பதா, விடுவதா என்று தெரியவில்லை. கடைசியில் நாற்காலி சரிந்துவிடாமல் அடியில் காலை மட்டும் முட்டுக் கொடுத்தார். தெருவைப் பார்க்காமல்தான். ஆனாலும் முட்டுக் கொடுத்தார்.

வியாழக்கிழமை அவள் எதையும் மறைக்காமல் புறப்பட்டாள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இப்போது தெருவுக்கே தெரியும். ஆலோசகரை அழைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போக, மருந்துக்கடைப் படியில் ஏறினாள். முதல் மாடியில் பல் டாக்டரின் வாசல் பெஞ்சில் நாலைந்து பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஒரு கிறீச் கேட்டது, ஏறிவந்தது. அவளைக் கண்டதும் நின்றது. அவர் பெயர்ப்பலகையின் பக்கம் திரும்பிப் படிக்கத் தொடங்கினார்.

மைக்கம்மா அவர் பெயரைச் சொல்லவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்து நிமிர்ந்து நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். பேருந்து நிலையம் மாதக்கணக்காகக் கேட்காத அந்தக் குரல், மைக் இல்லாமலே மாடிப்படி முழுக்க முழங்கியது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! பல்வலி உள்ளவர்கள் முதல் மாடியிலேயே இறங்கிக்கொள்ளவும். மனவலி உள்ளவர்கள் இரண்டாவது மாடிக்கு வரவும். வண்டி புறப்படத் தயாராக உள்ளது."

பெஞ்சில் இருந்தவர்கள் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அறிவிப்பு முடிந்ததும் ஓர் அமைதி வரும். ஏறுவதா வேண்டாமா என்று பயணி தயங்குகிற நேரம் அது. கூண்டுக்குள் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். வண்டி யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவள் ஏறினாள்.

பின்னால், ஒரு கிறீச் ஒரு படி ஏறியது.