முழுக் குடுவை

நாண்டி மலையில் பிள்ளை பெற்றவளுக்குப் புளித்த பால்தான் மருந்து, மரியாதை, எல்லாம். கிபிதோக் தன் இளைய மனைவி தப்ராந்திச்சின் வீட்டுக்குச் சுரைக்குடுவை தளும்பத் தளும்பக் கொண்டுபோவதைப் பார்க்கும்போதெல்லாம் மூத்தவள் ஜெலாகத்துக்கு வயிறு எரியும். அவள் பெற்றபோதெல்லாம் அரைக் குடுவைதான் வந்தது.

இளையவளின் கைக்குழந்தைக்கு மலத்தில் ரத்தம் கண்டதும், ஜெலாகத்தின் கண் பட்டுவிட்டது என்றே எல்லோரும் பேசினார்கள். கிபிதோக் இளையவளுக்கு இன்னும் கூடுதலாகப் பால் கொடுத்தான். ரத்தமும் கூடியது.

கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸ்தான் சொன்னாள்: "யார் கண்ணும் படலம்மா. நீ குடிக்கிற மாட்டுப்பால் தாய்ப்பால் வழியாப் போய்ப் புள்ளைக்கு ஒத்துக்கல, குடல் புண்ணாகுது. தாய்ப்பாலை நிறுத்தாத. மாட்டுப்பாலை விடு, சரியாயிடும்."

அன்று மாலை குடுவை ஜெலாகத்தின் வாசலுக்கு வந்தது.

"இந்தா, இனிமே இது உனக்குத்தான்," என்றான் கிபிதோக்.

"அவளுக்கு ஆகாததுதான் எனக்காக்கும்? சரி, நீங்க முதல்ல ஒரு வாய் குடிங்க."

"எனக்கு வேணாம். அவ வாயைக் கட்டிக்கிட்டுக் கிடக்கா, எனக்கு மட்டும் எப்படி இறங்கும்? புள்ளை தேறுற வரைக்கும் நானும் தொடமாட்டேன்."

பால் இல்லாமல் ஒரு வேளைகூடச் சோளக்களி தின்றறியாத மனிதன்!

ஜெலாகத் குடுவையை அவன் கையிலேயே திருப்பித் திணித்தாள்.

"நானும் மூணு பெத்தேனே, எந்தப் புள்ளைக்காக நீங்க எதை விட்டீங்க?"