புதுக் கம்பைலரின் புகார்

துறைமுகச் சாலையில் உள்ள அந்தச் சரக்குக் கிடங்கின் எடைமேடை, ஒரே உப்பு லாரிக்கு அடுத்தடுத்து இரண்டு எடை காட்டியது. எடை போடும் தங்கப்பாண்டிதான் ஏதோ தில்லுமுல்லு செய்கிறார் என்று டிரைவர்கள் சண்டைக்கு வந்தார்கள். கிடங்கு மேலாளர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்.

எடைமேடைக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்தது ஷெர்லி வேலை பார்க்கும் சிறிய நிறுவனம். மேடையில் பழுதில்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டதால், பழி தங்கள் மென்பொருளின் மேல்தான் விழ வேண்டும் என்று ஷெர்லிக்குத் தோன்றியது. ஆனால் எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றி, அதாவது திரும்பக் கம்பைல் செய்து பார்க்க வழியில்லை. அந்த வேலையைச் செய்துவந்த பழைய கணினி உப்புக்காற்றில் செத்துப்போயிருந்தது. புதிய கணினியில், அந்த வேலையைப் படிப்படியாக நடத்தும் பில்டு ஸ்கிரிப்ட் முதல் அடியிலேயே நின்றது: ‘கம்பைலர் மிகப் பழையது. ஒன்பதாம் பதிப்பாவது வேண்டும்.’

இருந்ததோ பதின்மூன்றாம் பதிப்பு. ஸ்கிரிப்ட் பதிப்பு எண்களை எழுத்துகளாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. ‘13’ என்பது ஒன்றில் தொடங்குவதால், அதற்கு ஒன்பதைவிடச் சிறியதாகப் பட்டது. ஷெர்லி அதை எண்ணாக ஒப்பிடும்படி மாற்றினாள். ஸ்கிரிப்ட் நகர்ந்தது. உடனே மறுபடியும் நின்றது. பழைய கம்பைலர் வாய் திறக்காத இடங்களிலெல்லாம் புதியது எச்சரிக்கை கொடுத்தது. ஒரு எச்சரிக்கை வந்தாலும் நிற்கும்படி ஸ்கிரிப்ட் எழுதப்பட்டிருந்தது.

நிறுவனத்தை நடத்தும் ஜெயசிங் பின்னால் வந்து நின்றார்.

“எச்சரிக்கைய எல்லாம் அணைச்சிட்டு பில்டை முடிச்சிரும்மா. கிடங்குலருந்து விடாம போன் அடிக்காங்க.”

“அணைச்சா பில்டு முடிஞ்சிரும் சார். ஆனா அது என்னதான் சொல்லுதுன்னு ஒருதடவ பாத்துருதேனே.”

பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. ஒன்றில் மட்டும் அவள் விரல் நின்றது. எடைகளைக் கூட்டி வைக்கும் இடத்துக்குத் தொடக்க மதிப்பே கொடுக்கப்படவில்லை. ஒரு லாரி இறங்கியதும் அடுத்தது உடனே ஏறினால், கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்காமல், நினைவகத்தில் கிடந்த ஏதோ ஒரு எண்ணிலிருந்து தொடங்கும்.

“சார், இங்கன பாருங்க. தப்பு நம்மகிட்டதான்.”

ஜெயசிங் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு அவரே மேலாளருக்குப் போன் செய்தார்.

மறுநாள் கிடங்கில், பிழை திருத்திய மென்பொருளை ஏற்றினார்கள். லாரிகளை ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விடாமல் ஏற்றி இறக்கினார்கள். அதே லாரி எத்தனை முறை ஏறினாலும் எடை மாறவில்லை. மேலாளர் தங்கப்பாண்டியை வரவழைத்து, எல்லா டிரைவர்களுக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டார்.

தங்கப்பாண்டி ஷெர்லியிடம் வந்தார்.

“யாரு பண்ணின தப்பும்மா இது?”

“எங்க தப்புதான், அண்ணாச்சி.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவரோ முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மனைவியை அழைத்தார்.

“ஏளா, மத்தியானச் சோத்தக் கட்டிக் குடுத்துவிடு. நான் வேலையிலதான் இருக்கேன்.”