கேத்தல் கையில், பனி மெனிபோல்டில்

1.
இந்தக் கதை ஒரு திடுக்கிடலில் பிறந்தது. கல்முனைப் பிரதான வீதி, மார்கழி மழை, ஒரு காரின் பொனட்டைத் திறந்தால் உள்ளே பனி. ஆனால் நான் பத்து மீன் பிடித்தால் ஆயிரம் என்கிற பென்சன்காரன். ‘நான் கண்டேன்’ என்றால் நம்பமாட்டீர்கள். எனவே ஆதம்பாவா என்று ஒருவரை வைத்துக்கொள்கிறேன். (அவர் நானில்லை. என்னைவிடக் கொஞ்சம் அழகு.)

2.
தொடக்கம் ஒன்று: ஆதம்பாவாவின் கார் புறப்பட்டால் கடலே ஒதுங்கி…

இல்லை, வெட்டிவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: ஆதம்பாவாவுக்கு முன்னால் இரண்டு மெனிபோல்ட்கள் கிடந்தன. காபரேட்டரில் கலந்த பெற்றோலையும் காற்றையும் எஞ்சினுக்குள் கொண்டுபோகிற குழாய்கள். ஒன்று காரோடு பிறந்த கறுத்த இரும்பு. எஞ்சின் கழிக்கும் சூட்டுப் புகை அதன் அடியால் போகும். மற்றது கொழும்பிலிருந்து வந்த அலுமினியம். பளபளப்பு உண்டு, சூடாக்க வழியில்லை.

“இரும்பே இரிக்கட்டும் சேர்,” என்றான் மெக்கானிக் தினேஸ். “பெற்றோல் ஆவியாகக்குள்ள குளிரும். அடியில சூடு வேணும்.”

“கல்முனை வெயிலுக்கா? ரோட்டில முட்டை வெச்சா குஞ்சே பொரிச்சிடும் தம்பி.”

“மாரி வரும் சேர்.”

அலுமினியம் ஏறியது.

3.
மாரி வந்தது. தங்கச்சியின் மகன், மருமகன் றிம்சானின் கல்யாணமும் வந்தது. மாப்பிள்ளையை மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுப் பெண்வீட்டுக்குத் தன் காரில்தான் கொண்டுபோவேன் என்று தங்கச்சி ஆசியா உம்மாவிடம் ஆதம்பாவா அடம்பிடித்தார்.

பாண்டிருப்பில் கார் இருமி நின்றது. பத்து நிமிடம் பொறுக்க, ஓடியது. கல்முனையில் திரும்பவும் நின்றது.* பெண்வீட்டிலிருந்து தொலைபேசி: மௌலவிக்கு நிந்தவூரில் இன்னொரு நிக்காஹ், கால் மணித்தியாலத்தில் கிளம்பிவிடுவார்.

ஆதம்பாவா பொனட்டைத் தூக்கினார். அலுமினியத்தின்மேல் தேங்காய்ப்பூ அப்பியதுபோல் வெண்பனி. (முதல் வரைவில் ஒரு முழம் என்று எழுதினேன். உண்மையில் நகக்கனம்.) சுரண்டினார். விரல் விறைத்தது. கூட்டிச் சொல்ல ஒன்றும் தேவைப்படவில்லை. அறுபத்தெட்டு வருடத்தில் முதல்தடவை.

“புள்ள, ஐஸ்.”

“கல்முனையிலயா?” காருக்குள்ளிருந்து ஆசியா உம்மா அண்ணனைக் கேட்டா. “நிக்காஹ் நாளயிலயாவது புழுகாம இரிங்க காக்கா.”

“மாமா, கெஞ்சிக் கேக்கன், கார எடுங்க,” என்றான் மாப்பிள்ளை.

பக்கத்துத் தேநீர்க்கடைக்காரர் கொதிதண்ணீர்க் கேத்தலைக் கையில் தந்தார். ஊற்றினால் எஞ்சின் பிடிக்கும். ஊற்றினால், ஆதம்பாவா ஆயுளில் சொன்ன ஒரேயொரு உண்மை கரைந்து ஓடும்.

“ஒருக்கா இறங்கிப் பாரன்.”

“புதுச் சாரியோட, இந்த மழைக்குள்ளயா?” ஆசியா உம்மா சீற்றுக்கடியில் கையை விட்டா. “சரி, குடையத் தேடுறன். பொய்யெண்டா இரிக்கி ஒங்களுக்கு.”

* ஓட்டோ பிடிக்கலாமே என்கிறீர்கள். அந்த மழைக்கு ஒன்றும் நிற்கவில்லை. படமெடுக்கலாமே? அவருடையது பட்டன் போன். மாப்பிள்ளையின் போனில் பெண்வீட்டார் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

4.
முடிவு அ: ஊற்றுகிறார். நிக்காஹ் நேரத்துக்கு நடக்கிறது. சாகும்வரை விருந்துகளில் “அந்த ஐஸ் கதையச் செல்லுங்க” என்று சிரிக்கிறார்கள்.

முடிவு ஆ: பொறுக்கிறார். தங்கச்சி விரல் வைத்துப் பார்த்து, “மெய்தான் காக்கா” என்கிறா. மௌலவி நிந்தவூர் போகிறார், பெண்வீட்டில் விளக்கை…

என்னால் எழுத ஏலாது. ஆதம்பாவா நான்தான், உங்களுக்குத் தெரியும். கேத்தலை நீங்கள் பிடியுங்கள். கைபிடி சுடும், கவனம். பின்கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது.